கும்பிடாமல் கடந்த கோயில்

ஐப்பசி 3, திங்கள்

சின்னு, விடியும்போதே வானம் மூடிக்கொண்டது. மழை இல்லை. காற்றும் இல்லை. கோழிக்குத் தீனி போட்டுவிட்டு முதல் பஸ். டிரைவிங் ஸ்கூல். இன்றும் கிளச்தான்.

இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வது. உன் அப்பா சத்தீஸ்கரில், போர் போடும் ரிக் வண்டியோடு. தோட்டத்தில் நானும் நாயும்.

மாஸ்டர் பெயர் சையது. என்னைவிடச் சின்னவர். வாய் ஓயாது.

"அக்கா, மாட்டு வண்டி ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கேனுங்க."

"அதான் பார்த்தேன். ஸ்டீரிங்கப் பின்னால இழுக்கறீங்க. இழுத்தா இது நிக்காதுங்க. பிரேக்க மிதிக்கணும்."

சிரித்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு. உடனே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வரிசை மறக்காமல் இருக்க: சீட். கண்ணாடி. பெல்ட். நியூட்ரல். சாவி.

வியாழக்கிழமை டெஸ்ட்.

ஐப்பசி 4, செவ்வாய்

புழுக்கம். ராசிபுரத்துச் சம்பந்தியம்மா போன். உன் அக்கா கோகிலாவின் மாமியார். ஐப்பசி 19ஆம் தேதி கட்டுச்சோறு விருந்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கோகிலாவை நம் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. அதைத்தான் மறுபடியும் இழுத்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊடு தோட்டத்துக்குள்ள. மெயின் ரோட்டுக்கு வரதுக்கே அவ்வளவு தூரம் மண் ரோடு. வலி எடுத்தா வண்டி யாரு எடுப்பாங்க? ஒரு புள்ளைய அங்கயே விட்டுட்டீங்க. இதையும் அனுப்பச் சொன்னா என் மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க."

"நான் எடுப்பேனுங்க. கத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"லைசென்ஸ் வரட்டுங்க. வந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி இங்கயே பார்த்துக்கறோம்."

கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது. உன்னைப் பாம்பு கடித்த அன்றைக்கும் நம் கார் கொட்டகையில்தான் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. ஓட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை.

ஆனால் கோகிலா இங்கே வரவேண்டும், சின்னு. இந்த வீட்டில் ஒரு குழந்தை அழவேண்டும். இல்லை என்றால் இது இப்படியே செத்த வீடாகத்தான் இருக்கும்.

ஐப்பசி 5, புதன்

கொட்டகையில் காரைத் துடைக்கப் போனேன். பானெட்டைத் தூக்கினேன். இஞ்சின் மேல் பாம்புச் சட்டை. முழுசாக, கிழியாமல். பேட்டரியைச் சுற்றி வால் பக்கம் தொங்கியது.

குச்சியால் எடுத்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி அடுப்பில் போட்டேன். பொசுங்கிய நாற்றம் பொழுதுக்கும் போகவில்லை. நாய் கொட்டகைப் பக்கம் வரமாட்டேன் என்கிறது.

பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மா: "அந்தக் கார வித்துத் தொலை புள்ள. எனக்கு அதப் பார்த்தாலே நெஞ்சு அடைக்குது."

மிளகாய், உப்பு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கவேண்டும்.

ஐப்பசி 6, வியாழன்

வெயில். டெஸ்ட். பெயில்.

கிரவுண்டில் H போட்டதெல்லாம் சரியாகத்தான். ரிவர்ஸில் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டுக்கு எடும்மா என்றார். எடுத்தேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். நன்றாகப் போனது.

வேப்பமரத்தடியில் முனியப்பன் கோயில். எப்போதும் பஸ்ஸில் போகும்போது என்ன செய்வேனோ அதைச் செய்தேன். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணையும் மூடியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் ஸ்டீரிங்கை எட்டிப் பிடித்து ஒடித்தார். திறந்து பார்த்தால் பால்காரர் வண்டியோடு மண்ணில் இறங்கி நின்று திட்டுகிறார். ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் அவர் இல்லை.

இன்ஸ்பெக்டர் சத்தம்கூடப் போடவில்லை. கிரவுண்டுக்குத் திரும்பியதும், "ஏம்மா, ஸ்டீரிங்க சாமிகிட்டக் குடுத்துட்டீங்களா? அவருக்கு லைசென்ஸ் இருக்குதா?" என்றார். டெஸ்டுக்கு நின்ற பையன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"எல்லா டிரைவரும் கும்பிடறவங்கதான் அக்கா. ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க. நீங்க ரெண்டு கையையும் தூக்கிட்டீங்க."

"கை தானாப் போயிருச்சுங்க. கும்பிடாமப் போனா சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"சாமி கோவிச்சுக்காதுங்க. பிரேக் இன்ஸ்பெக்டர்தான் கோவிச்சுக்குவாரு."

மறு டெஸ்ட் அடுத்த வெள்ளி. அதிலும் போனால் கட்டுச்சோற்றுக்கு முன்னால் லைசென்ஸ் இல்லை.

ஐப்பசி 8, சனி

மாஸ்டர் இன்று வேறு எங்கும் கூட்டிப் போகவில்லை. முனியப்பன் கோயில் ரோட்டிலேயே போக, திரும்ப. போக, திரும்ப. "கை பழகோணும் அக்கா. மனசுக்குள்ள கும்பிட்டுக்குங்க, வெளிய வேண்டாம்."

முதலில் கை துடித்தது. பிறகு விரலை ஸ்டீரிங்கில் இறுக்கிக்கொண்டேன். வலித்தது. கடைசியில் துடிக்கவே இல்லை. மாஸ்டருக்குச் சந்தோஷம்.

எனக்கு இல்லை. அத்தனை தடவையும் முனியப்பனின் அந்த முழிக்கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ரோட்டில் கும்பிடாமல் போனதில்லை. நீ வயிற்றில் இருந்தபோது அங்கேதான் வேண்டுதல். மனசுக்குள் கும்பிடலாம் என்கிறார். மனசுக்குள் பார்த்தால் கியர்தான் இருக்கிறது.

ஐப்பசி 10, திங்கள்

தூறல். ஒரு கோழி செத்துக் கிடந்தது. நோவு ஒன்றும் தெரியவில்லை. கழுத்து மட்டும் திரும்பியிருந்தது.

உன் அப்பா போன். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.

"குழிக்குள்ள ராடு சிக்கிக்கிச்சு. எடுக்காம ஓனரு உடமாட்டாரு. கட்டுச்சோறுக்கு வர முடியாது."

"பிரசவத்துக்காச்சும் வருவீங்களா?"

"பார்க்கறேன்."

பிறகு, "நீ வண்டி எடுக்கறயாமா?" என்றார்.

"ஆமா."

"பார்த்து."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

கோகிலாவும் பேசினாள். கால் வீங்கியிருக்கிறதாம், செருப்பு நுழையவில்லையாம். எல்லாருக்கும் வருவதுதான் என்று மாமியார் சொல்கிறாராம். செக்கப்புக்குப் போ என்றேன். சரி என்றாள். சரி என்று சொன்ன விதம் பிடிக்கவில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

பாஸ்.

கோயில் வந்தபோது ரோட்டை மட்டும் பார்த்தேன். மரத்து நிழல் கண்ணாடியில் ஏறி இறங்கியது. கை அசையவில்லை. உள்ளுக்குள்ளும் ஒன்றும் வரவில்லை, சின்னு. வெறுமனே தாண்டினேன்.

"இன்னைக்குச் சாமிய மறந்துட்டீங்களாட்டம் இருக்குதே?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மறக்கலீங்க."

கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் போனிலேயே வந்துவிடும் என்று மாஸ்டர் சொன்னார். அவருக்கு ஒரு பாக்கெட் மைசூர்பா. "புள்ளைக்குப் புள்ள பொறந்ததும் மறுக்கா வேணும்க்கா" என்று வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது கற்பூரம் வாங்கிக்கொண்டு கோயிலில் இறங்கினேன். மன்னிப்புக் கேட்கத்தான். காற்றே இல்லை. ஒரு தீப்பெட்டி முழுக்கக் கிழித்தேன், கற்பூரம் பற்றவில்லை. ஈரம் ஏறிய கற்பூரம், கடைக்காரன் பழசைக் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். அப்படியே மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கையில் கற்பூர வாசம்.

ஐப்பசி 19, புதன்

காலையில் மட்டும் மழை விட்டது. கட்டுச்சோறு. நம் பங்காளிகள் எல்லாம் வேனில் வந்தார்கள். நான் நம் காரில், தனியாக. நாமக்கல் தாண்டி ராசிபுரம் வரைக்கும். லாரி ஒவ்வொன்றும் உரசுகிற மாதிரி போனது. போய்ச் சேர்ந்ததும் கையை ஸ்டீரிங்கிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா போனை வாங்கி லைசென்ஸைப் பெரிதுபண்ணிப் பார்த்தார். "போட்டோல ஏனுங்க இப்பிடி முழிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. கூட்டிட்டுப் போங்க. எம்பட புள்ளையாட்டம்தான் வெச்சிருந்தேன், பார்த்துக்குங்க." கண் கலங்கியிருந்தது. அவருக்கும் பயம்தான்.

புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு.

கோகிலா முன்சீட்டில். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போட்டுவிட்டேன். "அம்மா, நீ வண்டி ஓட்டறத நம்ம சின்னு பார்த்திருந்தா உழுந்து உழுந்து சிரிச்சிருப்பா" என்றாள். நான் கியரை மாற்றினேன்.

வீட்டில் விட்டதும் சந்தோஷம் வரும் என்று இருந்தேன். கேட்டைச் சாத்தும்போது தோன்றியது: அங்கே பத்திரமாக இருந்தவளை நான்தான் அடம்பிடித்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

ஐப்பசி 22, சனி

மழை நிற்கவில்லை. மண் ரோட்டுப் பள்ளத்தில் தண்ணீர் போகிறது. காலையில் கணுக்கால் அளவு. மத்தியானம் முழங்கால்.

கோகிலாவுக்குத் தலைவலி. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தலைவலிதானே என்று மாத்திரை போட்டுப் படுத்தாள். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். எழுந்து நின்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விரல் வெளுத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன சாமி?"

"ஒன்னுமில்லம்மா. கண்ணு ஒரு மாதிரி மங்குது. படுத்தாச் சரியாப் போயிரும். இந்த மழைல நீ வண்டி எடுக்க வேண்டாம்."

பழனியம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன், துணைக்குப் பின்சீட்டில் உட்கார. வந்துகொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்துவைத்துவிட்டேன். சாவி மடியில் இருக்கிறது. பள்ளத்தை இப்போதே தாண்டினால்தான் உண்டு. அவள் வரும்வரை இதை எழுதுகிறேன்.

சின்னு, ஒன்னுமில்லம்மா என்று கோகிலா சொன்ன குரல் உன் குரல். அன்றைக்குச் சோளக்காட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாய். என்ன என்று கேட்டேன். முள்ளும்மா, ஒன்னுமில்ல என்றாய். காலைக் காட்டவில்லை. கொட்டகையில் நின்ற காரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய்.

முள் இல்லை என்று உனக்கு அப்போதே தெரியுமா, சாமி?