அருமை, மாமி!

பெப்ரவரி 4, செவ்வாய்

ஒஸ்லோவுக்கு வந்து இன்றுதான் நித்திரை சரியாக வந்தது. நான் கட்டப்போகும் ஹரிசனின் வீடு நகரின் ஓரத்தில், அம்மருட்டில், ஒன்பதாம் மாடி. கல்யாணத்துக்கு முன் மாமா மாமியோடு கொஞ்ச நாள் இருந்து பழகட்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து எடுத்த முடிவு. கல்யாணம் முடிய அவன் நியூ ஜெர்சிக்கு வருவான் என்பதும் பேசி முடித்ததுதான். என் கடை அங்கேதானே இருக்கிறது. நாய்களைக் குளிப்பாட்டி மயிர் வெட்டிவிடும் கடை. மாமி இங்கே எல்லோரிடமும் “பிள்ளை சொந்தத் தொழில் செய்யிறா” என்று மட்டும் சொல்கிறார்.

ரயிலில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் உங்கள் தொப்பி நல்ல வடிவு என்றேன். அவள் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். ஹரிசன் காதுக்குள் சொன்னான்: “இஞ்சை தெரியாத ஆக்களோடை கதைக்கிறேல்லை.” தொப்பியைப் புகழ்ந்தேன், கழற்றித் தா என்றா கேட்டேன்?

பெப்ரவரி 6

காலையில் மாமி மண்ணிறச் சீஸ் தந்தார். இனிக்கிறது! சவர்க்காரம் மாதிரி வழுவழுப்பு. “அருமை, மாமி!” என்றேன்.

பெப்ரவரி 7

மறுபடியும் அதே சீஸ். எனக்கென்றே பெரிய கட்டியாக வாங்கி வைத்திருக்கிறார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காட்டுக்குள், பனியில் நடை. ஞாயிறு என்றால் இங்கே நடக்கத்தான் வேண்டுமாம். மாமா தோடம்பழம் உரித்துத் தந்தார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. சும்மா இருப்பது எனக்கு ஆகாது. “எவ்வளவு வடிவு! இஞ்சையே இருந்திடலாம் போலை கிடக்கு” என்றேன். நான் வளர்ந்த நியூ ஜெர்சியில் அது ‘குட் மார்னிங்’ சொல்வது போல ஒரு பேச்சு. மூன்று பேரும் நின்று என்னைப் பார்த்தார்கள்.

பெப்ரவரி 12

இதே கட்டிடத்தில், ஆறாம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

“உங்கள் ரண்டு பேருக்கும்தான்.”

மாமி சிரித்தார். “நீர்தானே பிள்ளை சொன்னனீர், இஞ்சையே இருக்கலாம் எண்டு.”

நானும் சிரித்துவைத்தேன். அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெப்ரவரி 13

ஹரிசன் அமெரிக்கா வரும் அலுவலை நிறுத்திவிட்டானாம். என்னைக் கேட்காமலா? “நீ சொன்னனிதானே” என்கிறான்.

நுணலும் தன் வாயால் கெடும். அது நான்தான்.

பெப்ரவரி 15

தனியப் போனால் வழுக்கி விழுந்திடுவனாம். எங்கை போனாலும் மாமி கூடவே வாறா. பல்கனியிலை நிண்டால் கம்பளி கொண்டு வாறா. கூடாத மனுசியெண்டால் சண்டை பிடிச்சிருப்பன். இவவோ நல்ல மனுசி — இந்த அன்புக்குள்ளை இருந்து எப்பிடி வெளியிலை வாறது? நாய்க்கடி வாங்கி நிமித்தின கடை அங்கை கிடக்கு. நினைச்சால் அழுகை வருது.

பெப்ரவரி 17

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில்.

“எனக்கு இஞ்சை இருக்க ஏலாது, மாமி. அண்டைக்குச் சொன்னது சும்மா, மரியாதைக்கு.”

பெரிய சண்டை வரும் என்று பயந்திருந்தேன். மாமி கறிச்சட்டியை மூடினார். “சும்மா எண்டால் ஏன் பிள்ளை சொன்னனீர்?” அவருக்குக் கோபமில்லை, விளங்கவில்லை. மாமா “இப்ப சொன்னது நல்லது” என்றார்.

ஹரிசன் என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். “எனக்கும் அங்கை வர விருப்பமில்லை. ஓமெண்டிட்டன், அதாலை வர இருந்தனான். நீ இஞ்சை இருக்கலாமெண்டு சொன்னாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.”

“அப்ப?”

“அப்ப சரிவராதுதானே.”

சரிவராதுதானே! ஒருக்கா மறிச்சுப் பாக்க மாட்டானோ? போகாதை எண்டு ஒரு சொல்லு? நானும் வா எண்டு கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை?

மார்ச் 3

மறுபடியும் நியூ ஜெர்சி, என் கடை. மயிர் சடை பிடித்த ஒரு பூடில் நாய் வந்தது. அதன் சொந்தக்காரி ஒஸ்லோ எப்படி என்று கேட்டாள். அருமை என்று வாய்வரைக்கும் வந்தது.

“கல்யாணம் நின்றுபோயிற்று. அவனை எனக்கு இன்னும் பிடிக்கும்” என்றேன்.

பாவம், அவள் நாய்ச்சங்கிலியைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். நான் நாயின் காதைத் துடைக்கத் தொடங்கினேன்.