ஒரே எண்ணின் மற்ற மூன்று பங்கு

கிரேசுன், துருக்கி,
ஜனவரி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் தைலானுக்கு,

அம்மா எழுதுகிறேன். அல்லாஹ்வின் அருளால் மூச்சும் நடமாட்டமும் ஒழுங்காக இருக்கின்றன, பனி விழுந்ததிலிருந்து முழங்கால்தான் முரண்டு பிடிக்கிறது. அங்கே ஜெர்மனியில், டோர்ட்முண்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும் என்பதே என் துஆ. நம் கட்டடத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மாடிப்படியில் என் செருப்புச் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது.

புத்தாண்டு எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன், சிரிக்காதே. வழக்கம்போல் சதுக்கத்தில் நின்று சீட்டு விற்கும் ஹில்மியிடம் புத்தாண்டு லாட்டரியில் கால் பங்குச் சீட்டு ஒன்று வாங்கினேன். ஒரு எண்ணுக்கு நாலு கால் பங்கு, மற்ற மூன்றும் யாரோ மூன்று பேரிடம் போகும், விழுந்தால் நாலு பேருக்கும் விழும். இத்தனை வருஷம் அந்த மூன்று பேர் யார் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த வருஷம் உன் அப்பாவும் இல்லை, நீயும் வரவில்லை. அதனால் அந்த மூன்று பங்கை வாங்குகிறவர்களைக் குலுக்கல் பார்க்க என் வீட்டுக்கு வரச்சொல் என்று ஹில்மியிடம் சொல்லிவிட்டேன். "என்னக்கா, இது லாட்டரிச் சீட்டா கல்யாணப் பத்திரிகையா?" என்று சிரித்தான். ஆனால் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சேதி சொன்னான். ஒன்றை ஒரு டீச்சர் வாங்கினாளாம், கறி தொடமாட்டாளாம். ஒன்றை பஸ் டிரைவர், இன்னொன்றைப் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண். நான் கோழி, கஷ்கொட்டை போட்ட சோறு, டீச்சருக்கென்று கறியில்லாத முட்டைக்கோஸ் சுருள் எல்லாம் செய்து நாலு தட்டு வைத்துக் காத்திருந்தேன்.

வருஷக் கடைசி ராத்திரி வாசல் மணி அடித்தது. ஹில்மி மட்டும் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. உள்ளே வந்து மூன்று சீட்டையும் மேஜையில் வைத்தான். "மன்னிச்சிடுக்கா. இந்த வருஷம் எல்லாரும் போன்லயே வாங்கிட்டாங்க. விக்கலன்னு உங்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல, நானே எடுத்துக்கிட்டேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம். கறி தொடாத டீச்சரை எதற்கடா உண்டாக்கினாய் என்று கேட்டேன். "ஆள் நெசமா இருக்கிற மாதிரி இருக்கட்டுமேன்னுதான்" என்றான். எதிர்வீட்டுக்காரி செவிம் வம்பு பேசுவாளே என்று பயந்து வாசல் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட்டோம், குளிர் எலும்பைக் குடைந்தது. குலுக்கலில் ஒன்றும் விழவில்லை. "அடுத்த தடவ பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். காலையில் நாலு தட்டையும் கழுவினேன், இரண்டில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அப்போது அழுதேன், மறைப்பானேன்.

அன்றைக்குத்தான் உன் செய்தி வந்தது. பனியில் இறங்காதே அம்மா, உன் அடையாள அட்டை எண்ணை அனுப்பு, இனி வாராவாரம் இங்கிருந்தே உனக்கு இணையத்தில் சீட்டு போட்டுவிடுகிறேன் என்று. ஜெர்மனியில் எண்ணை நாமே தேர்ந்தெடுக்கலாம், விழுந்தால் பணம் சத்தமில்லாமல் கணக்குக்கு வந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஸ்பெயினில் ஊரே ஒரே எண்ணை வாங்கி, விழுந்தால் தெருவில் கட்டிப்பிடித்து அழுவதை டிவியில் பார்த்தேன். தனியாக ஜெயிப்பது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அடையாள எண்ணை அனுப்பமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சீட்டு வாங்கத்தான் நான் கோட்டு மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன், ஹில்மி என் முழங்காலை விசாரிக்கிறான். அதையும் போனே செய்துவிட்டால் எனக்குக் கோட்டு எதற்கு?

வேலையில் உனக்கு உயர்வு வரட்டும், கெட்ட கண் படாமல் அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், உன் கண்களில் முத்தமிடுகிறேன். ஒன்று மட்டும் நினைவில் வை. போன் செய்தால் மணியை நீளமாக அடிக்க விடு. புத்தாண்டன்று மதியம் நீதான் கூப்பிட்டிருக்கிறாய், நான் நாற்காலியைப் பிடித்து எழுந்து வருவதற்குள் நின்றுவிட்டது. நான் வேறெங்கும் போயிருக்கவில்லை மகனே, வீட்டில்தான் இருந்தேன்.

உன் அம்மா,
நெபஹாத்