பொக்கைவாய்த் தாடையும் உன் அம்மாவும்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ முழுசாகச் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா, வீட்டுக்கே திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய், நான் பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். போடு என்று எழுதினால் உன் அம்மா என்னைப் பட்டினி போடுவாள், வா என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பேச்சை மாற்றத்தான் ஞாயிற்றுக்கிழமை, ஆதி மனிதர்களின் எலும்பு கிடைத்த குகையைப் பார்க்க அவளைக் கூட்டிப்போனேன். பக்கத்து வீட்டு டெய்லரம்மாவும் தொற்றிக்கொண்டார். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று அவர் சொல்லக் கேட்டுக்கொண்டே போனதில் குகை வந்ததே தெரியவில்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒரு தாடை எலும்பு, மருந்துக்குக்கூட ஒரு பல் இல்லை. காலமெல்லாம் பல்செட் செய்த கை சும்மா இருக்குமா, என் வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடி மேலேயே விரலை வைத்து அளவெடுக்க ஆரம்பித்துவிட்டேன். காவலாளி வந்து, "சார், அவரு இனிமே பல்லு கட்டிக்க மாட்டாரு, கைய எடுங்க" என்றார். டெய்லரம்மா பார்த்துவிட்டார், ஆகவே இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

விளக்கம் சொல்ல வந்த பெண், பல் விழுந்த குழிகளையெல்லாம் எலும்பு வளர்ந்து மூடியிருக்கிறது என்று காட்டினாள். பல் போன பிறகும் மனுஷர் பல காலம் வாழ்ந்திருக்கிறாராம், யாரோ இடித்தோ மென்றோ ஊட்டியிருக்க வேண்டுமாம். எனக்கு உடனே உன் ஞாபகம்தான். முன்பல் விழுந்திருந்த வயசில் பட்டறைப் படியில் உட்கார்ந்துகொண்டு, அம்மா கொய்யாவைக் கடித்துக் கடித்துத் தந்தால்தான் தின்பாய், நடுநடுவே என் மெழுகுப் பல்லை உதட்டில் செருகிக்கொண்டு வருகிறவர்களைப் பயமுறுத்துவாய். அம்மாவும் அதைத்தான் நினைத்தாள் போல. பார்த்தீங்களா, அந்தக் காலத்துப் பிள்ளைகளை என்று ஆரம்பிக்கப்போகிறாள் என வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவளோ தாடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊட்டினது பெத்த பிள்ளைதான்னு யாரு கண்டா? பக்கத்துல இருந்தவங்களா இருக்கும். நமக்குத்தான் டெய்லரம்மா இருக்காங்களே. வாலுவ அந்த வேலையிலயே சேரச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே கையெழுத்துப் போடு. ஆனால் ஒன்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். ஏன் என்றதற்கு, உங்க பக்கம் வெயில் கூசுது என்றாள். அன்றைக்கு முழுக்க மூட்டம். அதனால் வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டுவிட்டு அப்புறம் பேனாவை எடு.

நன்றாக இரு, நிறைய நாள் இரு, ராத்திரியும் பல் தேய்.

அம்மாவின் ஆசியோடு என்னுடையதையும் சேர்த்து அனுப்பும்,
உன் அப்பா,
பல்செட் பட்டறை.