ராஜாவுக்கு எந்த நிறம்

போன வாரம் கிள்ளானில் என் தங்கை மகளின் கல்யாணம். மணப்பெண் அறையை நெருங்கியதும் ஒப்பனைப் பவுடரும் ஈரப் பஞ்சும் கலந்த அந்த வாசம். நீ போனபிறகு அதை முகர்ந்தது அன்றுதான். வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டே உள்ளே போனேன்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நாடகப் போட்டிக்கு நாம் போட்ட எகிப்து நாடகம் ஞாபகத்துக்கு வந்தது. எழுதியவள் நான், ஒப்பனை நீ. மற்ற நாட்களில் அரசாங்க அலுவலகம், சனி ஞாயிறில் நாடகக்காரர்களின் முகங்கள் என்று இருந்தாய். ராஜா வேடம் சேகரனுக்கு. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். நல்ல குரல், நல்ல கறுப்பு. அதுவரை ராஜாவாக நடித்த போதெல்லாம் அவனை வெள்ளையாக்கித்தான் மேடையேற்றினார்கள்.

நீ அவன் நிறத்திலேயே பூசத் தொடங்கியதை இயக்குநர் பார்த்துவிட்டார்.

“என்னக்கா இது? எகிப்து ராஜா லா. வெள்ளையா இருக்க வேணாமா?”

“எகிப்து எங்க இருக்கு?”

“அரபு நாட்டுப் பக்கம்.”

“ஆப்பிரிக்காவுல இருக்கு,” என்றாய். குரலை உயர்த்தவில்லை.

ஸ்ரீ கெம்பாங்கானில் உன் வீட்டு மாடியறையில் ஒரு சூடான் மாணவி வாடகைக்கு இருந்தாள். தன் நாட்டிலும் பிரமிடுகள் உண்டு, அங்கிருந்து போன அரசர்கள் எகிப்தையே ஒரு காலம் ஆண்டார்கள் என்று அவள் சொல்லப்போய், நீ நூலகத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தாய். கல்லறைச் சுவர்களில் ஆண்களைச் செம்பழுப்பில் தீட்டியிருக்கும் படங்களை எனக்குக் காட்டியிருக்கிறாய்.

“எல்லாரும் ஒரே கலர்னு நான் சொல்லல,” என்றாய் இயக்குநரிடம். “பல நெறத்துல இருந்திருக்காங்க. தெற்கே போகப்போக கறுப்பு. வெள்ளைக்கார ராஜா சினிமாவுல வந்தவரு.”

“ஆடியன்ஸ் சிரிப்பாங்க. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க,” என்று அவர் வெளியே போனார்.

பிறகுதான் சேகரன் வாய் திறந்தான். “அக்கா, கொஞ்சம் வெள்ளையாவே போட்டுடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. இன்னும் பேசி முடிக்கல.”

நீ பஞ்சைக் கீழே வைத்தாய். இயக்குநரிடம் பேசிய பேச்சு எதையும் அவனிடம் பேசவில்லை.

“உன் மூஞ்சி. நீ சொல்ற மாதிரி போடறேன். முதல்ல இதை முடிச்சுக் காட்டறேன், பாத்துட்டுச் சொல்லு.”

கண்ணுக்குக் கரிய கோடு இழுத்தாய். கழுத்தில் பொன்னிற அட்டைப் பட்டையைக் கட்டினாய். அவன் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தான்.

“இப்படியே போறேன்க்கா.”

அவன் மேடைக்கு வந்து முதல் வசனத்தைத் தொடங்கியதும் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சேகரன் நிறுத்தினான். வசனத்தை மறந்துவிட்டான் என்றே நான் நினைத்தேன். அவன் சபையைப் பார்த்துவிட்டு, அதே வசனத்தை முதலிலிருந்து நிதானமாகச் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. இயக்குநர் உன்னை மறுபடி கூப்பிடவும் இல்லை. அதன்பின் உனக்குக் கல்யாண முகங்கள்தான். நாடகம் விட்டுப்போனதில் உனக்கு வருத்தம் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள மாட்டாய்.

அன்று நாடகம் முடிந்ததுமே சேகரனுக்குப் பேசியிருந்த பெண் ஒப்பனை அறைக்கே வந்தாள். “போன நாடகத்துல இவரு யாருன்னே தெரியல. இன்னிக்கு வந்த உடனே தெரிஞ்சுது,” என்றாள். கல்யாணமும் நடந்தது. இருவருக்கும் நீதான் ஒப்பனை செய்தாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்காக உன் மகன் சுங்கை வேயில் ஒரு கடையில் படம் போட்டு வந்தான். மாலைக்குள் கோதுமை நிறத்தில் யாரோ ஒருத்தி இருந்தாள்.

“நல்லா வந்திருக்குல்ல ஆன்டி?”

“அம்மா கலர் இது இல்லப்பா,” என்றேன். அவன் படத்தைப் பார்த்தான். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

கடைக்காரர் ஒரு தப்பும் செய்ததாக நினைக்கவில்லை. “பிரைட்டா இருந்தாதானே நல்லா இருக்கும்?” என்றார்.

“அவங்க இருந்த மாதிரி போடுங்க, பாஸ்,” என்றான் உன் மகன்.

நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். உன் நிறம் வந்ததும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் போதும் என்றோம். இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று என்னிடம் இருக்கிறது.