நூல்கண்டைக் குனிந்து எடுத்தவள்

என் ராஜி மன்னிக்கு, இந்தக் கட்டடத்து வங்காளிகள் எல்லாருக்கும் பௌதியாக, அதாவது அண்ணியாக, இருந்தவளுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. லேக் கார்டன்ஸில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. மழை பெய்தால் தெருமுனையில் தண்ணீர் நிற்கிறது. லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. அண்ணா பேப்பரைப் படித்துவிட்டு வீடு முழுக்கப் பரப்பி வைக்கிறார். நீ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் யாரையாவது பிடித்து ஒரு சண்டை போட்டிருப்பாய். இப்போது அந்தப் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

முதல் சண்டையை உனக்காகவே போட்டேன். கேள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ச் சங்க ஹாலில் உன் நினைவாக ஒரு படம் போடுகிறார்கள். புதுச் செயலாளர் சுந்தர், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"ராஜி மாமி எவ்ளோ பெரிய ரசிகை! அவங்க நினைவா போடுறதுன்னா தரமா இருக்கணும் மாமி. வெளிநாட்டுல எல்லாம் பரிசு வாங்கின படம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்."

எந்தப் படம் என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மன்னி அதைப் பார்த்தா சுந்தர். பாதியிலேயே தூங்கிப் போயிட்டா. நான்தான் எழுப்பி ஆத்துக்கு அழைச்சுண்டு வந்தேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. இந்த வங்காளிகள் ஊரில் சினிமா என்றால் முகத்தைக் கொஞ்சம் தீவிரமாக வைத்துக்கொள்ள வேண்டும், உனக்குத் தெரியாததா? உலகத்தின் சிறந்த படங்கள் என்று யாராவது வருஷா வருஷம் பட்டியல் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளட்டும். அடுப்பில் சாம்பாரைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு, டாக்ஸிக்காரனிடம் வாக்குவாதம் பண்ணிப் படம் தொடங்குவதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்தவர்கள் யாராவது அந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார்களா? நமக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் எதற்கும் பரிசு வரவில்லை. அதனால் என்ன குறைந்துபோயிற்று?

நம் பஸ் படம் ஞாபகம் இருக்கிறதா? மலைப் பாதையில் பஸ் நின்றுவிடும். உள்ளே இருக்கிறவர்களின் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. இரண்டே வாரத்தில் தூக்கிவிட்டார்களாம். அதில் கதாநாயகி பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து இட்லியைச் சாப்பிட்டு விரலை நக்குவாள். அதுவரை நாம் பார்த்த கதாநாயகிகள் எல்லாரும் பரிமாறினார்களே தவிர யாரும் சாப்பிட்டதில்லை. "இவ நம்மாத்துப் பொண்ணுடி" என்று என் கையைக் கிள்ளினாய். அதற்காகவே அந்தப் படம் எனக்கு உசத்தி.

மூக்குக்கண்ணாடிப் படத்தில், அடிவாங்கிய வில்லன் படிக்கட்டில் உட்கார்ந்து தன் கண்ணாடியைத் தடவித் தேடுவான். கதாநாயகனே எடுத்துக் கொடுப்பான். ஹாலில் எல்லாரும் "இழுக்கிறான்யா" என்று முணுமுணுத்தார்கள். நீ மட்டும், "அடிவாங்கினவனுக்கும் ஆத்துக்குப் போகணுமோன்னோ, வழி தெரியணுமே" என்றாய். அதற்கப்புறம் எந்தச் சண்டைக் காட்சியையும் என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

ஆனால் நான் சுந்தரிடம் கேட்டது தையல் மிஷின் படத்தை. வேறு எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நின்றேன். "அது ரொம்ப அழுமூஞ்சிப் படமாச்சே மாமி" என்றார். "ஆமாம், அழுமூஞ்சிப் படம்தான்" என்றேன். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டு போனார்.

அப்புறம் போன வாரம் சந்தோஷமாக ஃபோன் பண்ணினார். "மாமி, நல்ல பிரிண்ட் கிடைச்சிருக்கு. இங்கிலீஷ் சப்டைட்டிலோட! நம்ம பெங்காலி ஃபிரண்ட்ஸ் எல்லாருக்கும் புரியும்."

சரி என்றுகூடச் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே.

அந்தக் காலத்தில் சங்கத்தில் போட்ட படங்களுக்குச் சப்டைட்டில் ஏது? பாட்டு நன்றாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்து வங்காளிகளும் வந்து உட்காருவார்கள். என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்று உன் தோளைத் தட்டுவார்கள். நீ கிசுகிசுவென்று வங்காளத்தில் கதை சொல்ல ஆரம்பித்து, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று அவர்கள் கத்த, கடைசியில் உன் கையில் மைக்கே வந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாத்திரங்கள் பேசி முடித்ததும் நீ பேசுவாய். உன் குரலுக்காகவே பாலிகஞ்சிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

தையல் மிஷின் படத்தின் கதை தெரிந்ததுதான். புருஷன் அடித்துப் போட்டுவிட்டு இன்னொருத்தியோடு போய்விடுவான். இவள் தையல் மிஷினை மிதித்தே பெண்ணை வளர்ப்பாள். வருஷங்கள் கழித்து அவன் இருமிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். அவள் போய் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பாள். அவன் தூக்கி நிறுத்துவான். இரண்டு பேரும் அழ, குத்துவிளக்கைக் காட்டிப் படத்தை முடித்துவிடுவார்கள்.

நீ மைக்கில் என்ன சொன்னாய்? "நூல்கண்டு கீழே விழுந்துவிட்டது, குனிந்து எடுக்கிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு சாயங்கால ரயிலைப் பிடி என்று அவனிடம் சொல்கிறாள். அதனால்தான் அவன் அழுகிறான்."

வங்காளிகள் கை தட்டினார்கள். நம்மவர்கள் வாயைப் பிளந்தார்கள். அன்றைய தலைவர் நேரே அண்ணாவிடம் போய், "உங்காத்து மாமி கதையையே மாத்தறா சார்!" என்று குதித்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அண்ணா, "எனக்கு வங்காளம் அவ்வளவா புரியாது சார்" என்று சொல்லிவிட்டார். அண்ணாவை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து நான் கேட்டதற்கு, "ஏண்டி வசந்தா, அவ அவன் காலைப் பிடிக்கறதை நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றாய்.

அந்தக் கூட்டத்தில் கீழ்வீட்டு ஷிப்ராவும் இருந்தாள், எனக்கு ஷிப்ராதி, ஷிப்ரா அக்கா. அவளை விட்டுவிட்டுப் போன புருஷன் அடுத்த வருஷம் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தான். தெருவே கூடி, சேர்த்துக்கொள், சேர்த்துக்கொள் என்றது. ஷிப்ராதி ஒரு கப் டீ போட்டுக் கொடுத்து, சாயங்கால ரயிலைப் பிடி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நீ சொன்ன அதே வாக்கியம்.

அன்றிலிருந்து நீ கதை சொல்வதை நிறுத்திவிட்டாய். தொண்டை சரியில்லை என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தாய். போன வருஷம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படத்துலே அப்படி இல்லைன்னு ஷிப்ரா கிட்ட சொல்லிடு. என் பொய்யாலே ஒருத்தி தனியா நின்னுட்டா" என்று அழுதாய். நான் தலையை ஆட்டினேன். உன் கண்ணைத் துடைப்பதற்காக ஆட்டிய தலை அது. சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தனியாக நின்றாளா? வேலைக்குப் போனாள், பாட்டு கற்றுக்கொண்டாள், வருஷா வருஷம் பூஜை லீவில் ஊர் சுற்றினாள். அந்த மனுஷனோடு இருந்திருந்தால் என்ன வாழ்ந்திருப்பாள்?

ஆனால் சப்டைட்டில் வரப்போகிறதே! முன்வரிசையில் உட்கார்ந்து, பளிச்சென்ற பிரிண்டில், அந்தப் பெண் அவன் காலடியில் 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்று சொல்வதை எழுத்துக் கூட்டி ஷிப்ராதி படிக்க வேண்டுமா? எழுபது தாண்டியவளுக்கு இது எதற்கு? முழங்கால் வலியைக் காரணம் சொல்லி அவளை வரவேண்டாம் என்று தடுத்துவிடலாம் என்றுதான் கீழே இறங்கிப் போனேன். போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஷிப்ராதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் வங்காளத்தில் சொன்னதை நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"ஒரு பொம்பளை காலில் விழறது எனக்குத் தெரியாதா? நான் எத்தனை பேர் காலில் விழுந்து எழுந்தவ! நூல்கண்டாம், நூல்கண்டு. திரை முழுக்கத் தேடினேன், எங்கேயும் காணோம்."

"அப்போ அன்னிக்கே தெரியுமா?"

"தெரியாம என்ன? பௌதியோட குரல் நடுங்கித்து. ஹால் நிறைய ஆம்பளைங்க. அவ புருஷனும் உட்கார்ந்திருக்கான். சொல்றது பொய்னு உங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். இருந்தும் மைக்கைக் கீழே வைக்கலை. படத்துல இருந்தவளுக்கு இல்லாத தைரியம் அவளுக்கு இருந்தது. முடிவு பிடிக்கலைன்னா மாத்திச் சொல்லலாம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. நான் படத்தைப் பார்த்து அவனை அனுப்பலை. உன் மன்னியைப் பார்த்து அனுப்பினேன்."

மன்னி, கேட்டாயா? இத்தனை வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மைக்கைத் தொடாமல் இருந்தாயே. ஒரு மாடி கீழே இறங்கிப் போய்க் கேட்டிருக்கக் கூடாதா?

நான் அழுதேன். ஷிப்ராதி டீ போடப் போனாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "தமிழ்லதானே எழுதப் போறே, எனக்குப் படிக்க வராது, தாராளமா எழுது" என்றாள். சங்கத்து மலரில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் எல்லார் கையிலும் இருக்கும்.

சுந்தரிடம் சப்டைட்டிலை நிறுத்தச் சொன்னேன். "எல்லாரும் என்ன மாமி நினைப்பாங்க?" என்கிறார். நினைத்துக்கொள்ளட்டும். ஒரு படத்தை எடுத்தவன் அதை எங்கே வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். பார்த்தவள் எங்கே முடித்தாள் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. எழுத்து ஓடினாலும் சரி, நான் அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேசுவேன்.

நீ உட்கார்ந்த ஸ்டூலை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். ஷிப்ராதிக்கு முன்வரிசையில் இடம். அண்ணா அவள் பக்கத்தில். அந்தப் பெண் அவன் எதிரே குனியும்போது மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்து, நூல்கண்டு விழுந்துவிட்டது, எடுக்கிறாள் என்று வங்காளத்தில் சொல்லப் போகிறேன். குரல் நடுங்காமல் சொல்வேன் மன்னி, இது சத்தியம்.

உன் பொய்க்கு வாரிசாக வந்த,
உன் நாத்தனார் வசந்தா