நம் தெரு வெள்ளையாக இருந்த கதை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் அப்பாவை இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் காய்ச்சல்தான். பேசுகிறார், என்னைத் திட்டுகிறார், அதனால் பதறியடித்து எழுந்து ஓடாதே, உட்கார்ந்து கடைசி வரை படி. ஃபோனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ வேறு நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஒருநாள், தினமும் எழுந்ததும் சுகாதார அலுவலகம் ஃபோனில் போடுகிற அந்த ஊர் வரைபடத்தைப் பார்க்கிறேன், நம் தெரு வெள்ளையாக இருந்தால்தான் நிம்மதியாக வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாயே, நீ மட்டுமா, இங்கே ஊரே அதைப் பார்த்துத்தான் காலை எடுத்து வெளியே வைக்கிறது. பரிசோதனையில் யாருக்காவது காய்ச்சல் உறுதியானால் அவர் தெருவில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறார்கள். ஆள் யார், எந்த வீடு என்று போடுவதில்லை, தெரு மட்டும்தான். புள்ளி இல்லாத தெரு வெள்ளை. நல்லதை நினைத்துத்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாமான் வாங்கக் கிளம்புகிறவர்கள் இப்போது பையை எடுப்பதற்கு முன்னால் ஃபோனைத்தான் எடுக்கிறார்கள். பின் தெருவில் புள்ளி விழுந்த அன்று ரொட்டிக்கடைக்காரம்மா காலையில் சுட்டு அடுக்கின ரொட்டி சாயங்காலமும் அடுக்கினபடியே இருந்தது. இத்தனை வருஷம் அவர் கையால் வாங்கித் தின்றவர்கள் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்கிறாய், நம் தெருவுக்குத்தான் வந்தார்கள். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம் மளிகைக்கடையில் மாவு, எண்ணெய், சோப்பு, எதை எடுத்து வைத்தாலும் நிமிஷத்தில் காலி. ஓசியில் நமக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நானும்தான் சிரித்தேன். காய்ச்சல் பின் தெருவில் என்றால், அந்தப் பின் தெருக்காரர்கள்தானே நம் கல்லாவை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அத்தனை பெரிய வியாபாரிக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் எதிர்க்கடைத் தையல்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அன்று சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் நம் வாசலில் கூடினார்கள். யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் பரிசோதனைக்குப் போகக் கூடாது, மாடியில் படுத்து மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டியது, ஒரு புள்ளி விழுந்தாலும் தெருவோடு எல்லார் பிழைப்பும் போச்சு என்று பேசி முடித்தார்கள். முதலில் வாயைத் திறந்து இதைச் சொன்னது வேறு யாருமில்லை, உன் அப்பாதான். மறுநாள் தையல்காரர் கடையில் ஓர் அட்டை தொங்கியது, துணி எடுக்க வெளியூர் போயிருக்கிறார் என்று. வெளியூர் போன மனுஷன் மாடி ஜன்னலிலிருந்து இருமுகிற அதிசயத்தை நம் தெருவில்தான் பார்க்கலாம். அடுத்த வாரம் கடிகாரக் கடைக்காரரும் வெளியூர் போனார். நம் தெருவில் காய்ச்சலுக்கு அதுதான் பேர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நான் கேட்டேன், பொம்பளைக்கு வியாபாரம் தெரியாது என்று உன் அப்பா ஒரே பேச்சில் வாயை அடைத்தார். போன வாரம் நீ கூப்பிட்டு அப்பா எங்கே என்று கேட்டாய், சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறார் என்று நானும் வாய்கூசாமல் சொன்னேன். மேலே அவர் இருமுவது உனக்குக் கேட்டுவிடுமோ என்று ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டேன். பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே.

அவர் மாடியில் கிடக்க நான்தான் கடையைப் பார்த்தேன். படத்தில் வெள்ளை, அதனால் கூட்டம் குறையவே இல்லை. இன்று காலையில் ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. வீட்டுப் பக்கத்திலேயே கடை இருக்கிறதாம், அங்கே சிவப்பாம், அதனால் வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வந்தாளாம். “உங்க தெரு ஒண்ணுதாங்க நம்பி வர்ற மாதிரி இருக்கு” என்றாள். அந்த நேரம் பார்த்து மேலே உன் அப்பா இருமினார். குழந்தை நிமிர்ந்து மேலே பார்த்தது. நிறுத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே தராசில் விட்டேன். கடை மூடியாச்சு, தயவுசெய்து போயிடும்மா என்று சொல்லி, அவள் திகைத்து நிற்க நிற்க ஷட்டரை இழுத்துவிட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும்.

மேலே போனால் இவருக்கு ஒரு பேச்சை முழுசாகப் பேச மூச்சு இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றினேன், அந்த நிலையிலும் வழியெல்லாம் ஒரே புலம்பல். “விலாசம் கேட்டா உன் தங்கச்சி வீட்டதக் குடு. நம்ம தெருவச் சொல்லிடாத.” சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே போனேன், போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. பரிசோதனையில் உடனே தெரிந்துவிட்டது. பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண் விலாசம் கேட்டபோது இவர் என் புடவையைப் பிடித்து இழுக்கிறார். உன் சித்தி விலாசத்தைக் கொடுத்தால் அவள் தெருவில் சும்மா ஒரு புள்ளி விழும், அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் பயந்து பையை எடுத்துக்கொண்டு நம் தெருவுக்கு வருவார்கள். நீயும் காலையில் படத்தைப் பார்த்து அப்பா அம்மா பத்திரம் என்று காபியைக் குடிப்பாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் விலாசத்தைக் கதவு எண்ணோடு சொன்னேன். முகத்தில் ஆக்சிஜன் மாட்டும்போது “தெருவையே கவுத்துட்டியேடி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மூன்று தடவை மூச்சு வாங்கினார். நுரையீரலில் இறங்கியிருக்கிறது, நாலு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறதுப்பா. உன்னிடம் மறைத்தது போதும்.

எனக்கும் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள், முடிவு ராத்திரி தெரியும். தொண்டை லேசாகக் கரகரக்கிறது. வீடு திரும்பினால், ஆட்டோவில் ஏற்றினதைப் பார்த்துத் தெருவுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. யாரும் முகம் கொடுக்கவில்லை. தையல்காரர் மனைவி மட்டும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, “ஒரு வார்த்த எங்ககிட்ட கேட்டிருக்கலாம்லக்கா” என்றாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பீர்கள் என்றேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். சாப்பிட்டே போகலாம் என்றேன்.

இப்போது கிளம்பி வராதே, வந்தாலும் வார்டுக்குள் விடமாட்டார்கள். அங்கே நீங்களும் வெள்ளைத் தெரு என்று நம்பிக் கூட்டத்தில் போய் இடிக்காதீர்கள், அங்கேயும் யார் யார் வெளியூர் போயிருக்கிறார்களோ. மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம், அப்பாவுடையதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக் காலையில் படத்தைத் திறந்தால் நம் தெருவில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். பதறாதே, அது உன் அப்பா. இரண்டு இருந்தால் இன்னொன்று நான். அதற்கடுத்த நாள் மூன்றாவதும் விழுந்தால், தையல்காரர் வெளியூரிலிருந்து திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா