கிருஷாந்தி எந்திரிக்கிற பக்கம்

என் கதைக்காரிக்கு,

எந்தத் துப்பறியும் கதைய எடுத்தாலும் நீ கடைசிப் பக்கத்தத்தான் முதல்ல படிப்ப. "யாரு உயிரோட இருக்காங்கன்னு தெரியாம எப்படிங்க நிம்மதியா படிக்கிறது?"ன்னு கேப்ப.

நீ எழுதி வச்சிட்டுப் போன நாவலையும் அப்படித்தான் படிச்சேன். உன் கிருஷாந்தி ஓடுற ரயில்ல இருந்து பள்ளத்துல குதிக்கிறா, எந்திரிச்சு திருடனத் துரத்துறா.

நான் ஃபெக்டரி மெஷின் பார்க்கிறவன். வேகம், உயரம்னு கணக்குப் போட்டு உன் சண்டைக் காட்சியெல்லாம் திருத்துவேன். "உங்க கணக்குல என் ஆளுங்க ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்க"ன்னு சிரிப்ப.

கினிகத்தேனை வளைவுல உன் பஸ் கவுந்த அன்னைக்கு டொக்டரும் என் கணக்கத்தான் சொன்னாரு.

பதிப்பகத்துக்காரர் உன் நாவலத் திருத்திக் கேட்டாரு. இன்னைக்கு அனுப்பிட்டேன். கிருஷாந்தி குதிக்கிற அந்தப் பக்கத்துல மட்டும் பென்சில் வைக்கல. அவ எந்திரிக்கட்டும்.

உன் முதல் வாசகன்